கடைசி நான்கு எண்கள்

ஜூன் 3, திங்கள்

புது வேலையில் பொறுப்பாளர் ரஷீதா மேடம் இந்த நோட்டைக் கொடுத்தார். வேலை முடிந்ததும் மனதில் நிற்பதையெல்லாம் எழுதிவிட வேண்டுமாம், அப்போதுதான் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்குமாம். நான் ஆறாம் வகுப்புப் பாதியில் நின்றவள், என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்றேன். வேறு யாரும் படிக்க முடியாது, இன்னும் நல்லது என்றார். இந்த நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு இன்று சுழலும் நாற்காலி. யாரும் பார்க்காதபோது இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் மேடம் வந்துவிட்டார்.

இது பெண்களுக்கான அவசர உதவி எண். வீட்டில் அடி விழும்போதும், விழப்போகிறது என்று தெரியும்போதும் கூப்பிடுகிற எண். முன்னால் வைத்திருந்த பெண்கள் டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசினார்களாம், கூப்பிட்டவர்கள் பயந்து வைத்துவிட்டார்களாம். அதனால்தான் நம்ம பக்கத்துப் பேச்சுப் பேசுகிறவள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். எங்கள் கம்பெனியில் மேடம் கூட்டம் போட்டபோது, மைக்கில் பேச வராத பெண்கள் எல்லாம் என்னிடம் வந்து கதை கதையாகச் சொன்னதை அவர் பார்த்திருக்கிறார்.

போனில் சொந்தப் பேர் கூடாது. எனக்குத் துளசிமணி போய் மலர் ஆகிவிட்டது. பிரியதர்ஷினி என்று கேட்டேன், கொடுக்கவில்லை. எங்கே வேலை என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. அடிக்கிறவன் யார் வீட்டிலும் இருப்பான், வாசலில் வந்து நிற்பான் என்றார் மேடம். என் பையன் லோகுவிடம் ஆஸ்பத்திரியில் டோக்கன் சொல்கிற வேலை என்று சொல்லிவிட்டேன்.

காதில் மாட்டுகிற மைக்கை வலது காதுக்குத்தான் வைக்க வேண்டும். இடது காது கேட்காது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல்.

ஜூன் 5, புதன்

இன்று பாடம். மேடம் அடிபட்டவளாக நடித்தார், நான் போன் எடுக்கிறவள். "எங்க வீட்டுக்காரர் அடிச்சிட்டாருங்க" என்றார். நான் சட்டென்று, "நீ என்ன கண்ணு பண்ணுன?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அவளிடம் மாமியார் கேட்டுவிட்டாள், அம்மா கேட்டுவிட்டாள், பக்கத்து வீடு கேட்டுவிட்டது, கேட்காத ஒரே இடம் நாமாக இருக்க வேண்டும் என்றார்.

முதல் கேள்வி, இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா. அடுத்தது விலாசம், ஏனென்றால் லைன் எப்போது வேண்டுமானாலும் போகும். அவன் எங்கே, கையில் ஏதாவது இருக்கிறதா, குழந்தைகள் எங்கே. வாய் திறக்க முடியாதவள் என்றால், ஆமாம் என்பதற்குப் போனை ஒரு தட்டு, இல்லை என்பதற்கு இரண்டு. போன் கட்டானால் நாம் திருப்பிக் கூப்பிடக் கூடாது, அவன் எடுத்துவிடுவான். அவள் சரி என்று சொல்லாமல் போலீஸ் வண்டி அனுப்பக் கூடாது, உயிர் போகிற நேரம் என்றால் மட்டும் அனுப்பலாம்.

கூப்பிடுகிறவள் தெரிந்தவள் என்றால் உடனே கையைத் தூக்கிப் பக்கத்து ஆளிடம் மாற்றிவிட வேண்டும். நாங்கள் முக்கால்வாசிப் பேர் இந்த ஊர்க்காரிகள் என்பதால் திரையில் எண்ணின் கடைசி நான்கு மட்டும் தெரியும். முழு எண் மேடத்துக்கு மட்டும்.

பக்கத்து நாற்காலி ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண், பி.ஏ. படித்தவள். அவளைப் புருஷனாக நடிக்கச் சொன்னார்கள், மூன்று தடவை சொதப்பினாள். கல்யாணமே ஆகாதவளுக்கு எப்படி வரும் என்று நான் ஓட்டினேன்.

ஜூன் 9, ஞாயிறு

போண்டா எண்ணெய் நோட்டில் ஒட்டுகிறது. ஆனாலும் எழுதியே ஆகவேண்டும்.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு, அதனால் ஞாயிறு மதியம்தான் எங்களுக்குத் திருவிழாக் கூட்டம் என்று ஜெசிந்தா முன்பே சொல்லியிருந்தாள். ஒன்றரை மணிக்கு எனக்கு முதல் பெரிய அழைப்பு. பாத்ரூமுக்குள் இருந்து ஒரு பெண், குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள். விலாசத்தை இரண்டு தடவை வாங்கினேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். குழந்தைகள் பக்கத்து வீட்டில். அவன் கையில் கிரிக்கெட் மட்டை. வண்டி வரட்டுமா என்றேன். வரட்டும் என்றாள்.

அப்புறம் ஒன்பது நிமிஷம். கதவை அவன் இடிக்கிற சத்தம் என் காதுக்குள்ளேயே இடித்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது கண்ணு, ரேஷன் கடைக்கு வந்துவிட்டது கண்ணு, தாழ்ப்பாளில் சாய்ந்து உட்கார் கண்ணு. கடைசியில் ஒரு பொம்பளை போலீசின் குரல் கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன், மைக் வயர் தெறித்துக்கொண்டு வந்தது. நான்கு போண்டா தின்றேன். ஐந்தாவதை ஜெசிந்தா பிடுங்கிக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு ஒரு பேசாத அழைப்பு. கடைசி நான்கு எண்கள் 4471. வணக்கம் கண்ணு, சொல்லு சாமி என்றேன். மூச்சுச் சத்தம், உடனே வைத்துவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

வார லீவு. பெருமாநல்லூர்ப் பக்கம் லோகு வீட்டுக்குப் போனேன். வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் ஒன்பதாவது கதவு. அவனுக்கும் மிஷின் ரிப்பேர் என்று லீவு. மட்டன் எடுத்துவந்திருந்தான், எனக்கு நல்லி எலும்பாகப் பார்த்துப் போட்டான். என் பையனுக்கு அம்மா என்றால் உயிர்.

மருமகள் மோகனப்பிரியா இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். வாஷிங் மெஷின் மூடி விழுந்துவிட்டதாம். போன மாசம் படியில் வழுக்கினாள். அதற்கு முன்னால் கதவு இடித்தது. அவ்வளவு சாமானும் உன்னிடம் மட்டும் ஏன் சண்டைக்கு வருகிறது, நீ என்ன பண்ணுகிறாய் என்று கிண்டல் செய்தேன். லோகு விழுந்து விழுந்து சிரித்தான். அவள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். மட்டன் அருமை.

ஜூன் 16, ஞாயிறு

4471 இரண்டு தடவை என் லைனுக்கு வந்தது, நான் வணக்கம் கண்ணு என்றதும் வைத்துவிட்டது. மூன்றாவது தடவை ஜெசிந்தாவுக்குப் போனது. அவளிடம் நாற்பது விநாடி நின்றது. பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. யாரோ வரும் சத்தம் கேட்டுத்தான் கட்டானதாம்.

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. என் குரலுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன். ஜெசிந்தா சொன்னாள்: "யக்கா, ஒங்க குரலக் கேட்டா அந்தப் பிள்ளைக்கு மாமியா ஞாவகம் வருதோ என்னவோ." ரூமே சிரித்தது. நானும்தான்.

ஜூன் 19, புதன்

4471-ஐ மேடம் கவனிக்க வேண்டிய எண்கள் பலகையில் எழுதிவிட்டார். பேச முடியாத இடத்தில் இருக்கிறாள், அடுத்த தடவை தட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றார். டவர் மட்டும் தெரிகிறது, அந்த டவருக்குக் கீழே ஆயிரம் வீடு. விலாசம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

அழைப்பு யார் லைனுக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. அதனால் நான் குரலை மாற்றிப் பழகுகிறேன். மெதுவாக, மூக்கால் பேசாமல், கண்ணு சாமி எதுவும் போடாமல். ஜெசிந்தா தேர்வு வைத்தாள். முதல் தடவை பஸ் கண்டக்டர் மாதிரி இருந்ததாம், இரண்டாவது தடவை சாமியார் மாதிரி. விடமாட்டேன். அந்தப் பெண்ணை நான்தான் பேச வைக்கப் போகிறேன்.

ஜூன் 20, வியாழன்

மருமகள் அவளாகவே போன் செய்தாள், அதிசயம். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அப்புறம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். நான் ஏதோ மழுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா, எத்தனை மணிக்கு வேலை முடியும் என்றெல்லாம் கேட்டாள். ஞாயிறும் உண்டு, காலை பத்திலிருந்து ஆறு வரை என்றேன். செரிங்கத்தை என்று வைத்துவிட்டாள்.

மாமியார் மேல் இவ்வளவு அக்கறை. நான் கொடுத்துவைத்தவள்.

ஜூன் 23, ஞாயிறு

மொத்தம் முப்பத்தொரு அழைப்பு. 4471 வந்தது. லைன் தானாகக் கட்டாகிவிட்டது என்று பதிவு போட்டேன். தலைவலி.

ஜூன் 24, திங்கள்

தானாகக் கட்டாகவில்லை.

மேடத்திடம் காலையில் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதுகிறேன். கூப்பிடுகிறவர்கள் பேரை நோட்டில் எழுதக்கூடாது என்பது மற்றவர்களுக்கு, இது என் வீடு.

நேற்று மாற்றிய குரலில்தான் பேசினேன். வைக்காமல் நின்றாள். பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்றேன், இரண்டு தட்டு. அவர் வீட்டில் இருக்கிறாரா, ஒரு தட்டு. அடித்தாரா, ஒரு தட்டு. எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம், பிடித்துவிட்டோம் என்று. ஜெசிந்தாவைப் பார்த்துக் கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினேன். அப்போது பின்னால் ஒரு ஆம்பளைக் குரல். "ஏய், எவனுக்குடி போன் பண்ற? அன்னிக்கு ஒரு கைதான் போச்சு. இன்னொன்னும் வேணுமா?"

இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த குரல். நல்லி எலும்பு எடுத்துப் போட்ட கையின் குரல்.

கையைத் தூக்கி ஜெசிந்தாவிடம் மாற்றியிருக்க வேண்டும். என் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. வைத்துவிட்டேன். அவள் உதவி கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள், நான் வைத்துவிட்டேன்.

எப்போதும் பேரைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவேன், நேற்று சாயந்தரம்தான் என் சொந்தப் போனில் அவள் எண்ணைப் பார்த்தேன், கடைசி நான்கு 4471. கூப்பிட்டுப் பேசினேன், நலமாக இருக்கிறாயா என்று. நல்லாருக்கேனுங்கத்தை என்றாள். பக்கத்தில் டிவி ஓடியது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை ஞாயிறு லீவா என்று அவள் ஏன் கேட்டாள் என்று இப்போதுதான் புரிகிறது, என் குரல் தெரிந்துதான் வைத்துவைத்துப் போயிருக்கிறாள்.

இடது காது காய்ச்சலில் போகவில்லை. லோகுவின் அப்பா. லோகுவுக்கு அப்போது ஏழு வயது, வாசப்படியில் உட்கார்ந்து கையில் முறுக்கோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவர் செத்து ஒன்பது வருஷமாகிறது, எல்லோரிடமும் காய்ச்சல் என்றே சொல்லி எனக்கே அது காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது.

மேடம் என்னைத் திட்டவில்லை. போன் எடுக்கிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார், அது சரி. பையனிடம் போய்ப் பேசுகிறேன், காலில் விழவும் தயார் என்றேன். "நீங்க பேசிட்டு உங்க வீட்டுக்கு வந்துருவீங்க. அதுக்கப்புறம் அவ தனியா இருப்பா" என்றார். அடித்தானா என்று அவளிடமே கேட்கட்டுமா என்றேன். அவன் அம்மா கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், நீங்கள் இந்தப் போனில் இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

4471-க்கு நேரே விலாசக் கட்டத்தை நானே நிரப்பினேன். லைன் வீடு, ஒன்பதாவது கதவு, நீலத் தண்ணீர்த்தொட்டிக்கு எதிரே. என் எழுத்தைப் பார்த்து ஜெசிந்தா ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அழ வைத்தது.

ஜூன் 25, செவ்வாய்

வார லீவுதான், ஆனாலும் ஆபீசுக்குப் போனேன். லோகு கம்பெனிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பதினொரு மணிக்கு மோகனப்பிரியாவிடம் பேசினேன். மேடம் பக்கத்தில் நின்றார். நேற்று ராத்திரியிலிருந்து மனப்பாடம் செய்த வசனம்.

"கண்ணு, நான் இனிமே போன்ல இல்ல. எந்நேரம் கூப்பிட்டாலும் வேற புள்ளைதான் எடுக்கும்."

மேடம் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் நானே சொன்னேன். "ஞாயித்துக்கெழம கட் பண்ணுனது நாந்தான். என்ற தப்பு."

செரிங்கத்தை என்றாள். அதே செரிங்கத்தைதான், ஆனால் உடனே வைக்கவில்லை. நான்தான் முதலில் வைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

கோப்பு அடுக்கினேன். டீ போட்டேன். 4471 வரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

வரவில்லை. இன்று டீயில் உப்பைப் போட்டுவிட்டேன். ஜெசிந்தா குடித்துவிட்டு, இதையும் ஒரு புகாராகப் பதிவு செய்யலாமா என்று கேட்டாள்.

ஜூன் 30, ஞாயிறு

வந்தது. இரண்டு பத்துக்கு வந்தது.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். ரூமுக்குள் வரக்கூடாது என்று மேடம் உத்தரவு. சத்தம் கேட்காது, ஜெசிந்தாவின் முதுகும் வலது கையும்தான் தெரியும். அவள் ஒரு தட்டுக்கு ஒரு விரல், இரண்டு தட்டுக்கு இரண்டு விரல் உயர்த்திக் காட்டுவாள், மேடம் எழுதிக்கொள்வார். அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு விரல். பாதுகாப்பாக இல்லை.

ஒரு விரல். அவன் வீட்டில்.

அப்புறம் ஜெசிந்தா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள், விரல் எதுவும் எழவில்லை. திரும்பி என்னைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தாள். அவள் காதில் என்ன விழுந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மோகனப்பிரியா வாய் திறந்து குசுகுசுவென்று ஒரே ஒரு வாக்கியம் பேசியிருக்கிறாள்.

"அத்தை அங்க இருக்காங்களா?"

ஜெசிந்தா பொய் சொல்லவில்லை. "ரூமுக்கு வெளிய நிக்காங்க. ஒங்க விலாசத்த எழுதிக் குடுத்தது அவங்கதான். நீங்க சொன்னா வண்டி இப்பமே வரும். வரட்டுமா?"

கண்ணாடியில் என் மூச்சுப் பட்டு மறைத்தது, முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஒரு விரல்.

நான் கத்தியே விட்டேன். மாடிப்படியில் போன யாரோ நின்று பார்த்தார்கள். சந்தோஷத்தில் கத்தினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் பிள்ளையைப் பிடிக்க வண்டி கிளம்புகிறது, ஆனாலும் போ, போ, வேகமாகப் போ என்று அந்த வண்டியை நானே தள்ளுகிற மாதிரி கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். பதினொரு நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் அவன் போனைப் பார்த்துப் பிடுங்கி எறிந்திருக்கிறான். எறிந்த போன் அணையவில்லை, லைன் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜெசிந்தா கேட்டதை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டி நேராக ஒன்பதாவது கதவுக்குப் போனது. ஒருவரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

உதடு கிழிந்திருக்கிறது, கை உடையவில்லை. உயிரோடு, அவள் காலாலேயே நடந்து வண்டியில் ஏறினாள். பாதுகாப்பான ஒரு விடுதியில் இருக்கிறாள், எது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாளாம். நியாயம்.

ஜூலை 1, திங்கள்

லோகு ஸ்டேஷனிலிருந்து பதினான்கு தடவை கூப்பிட்டிருந்தான். பதினைந்தாவதை எடுத்தேன். "அம்மா, சும்மா ஒரு தட்டு தட்டுனதுக்கு உக்கார வெச்சிருக்காங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு, உட்ருவாங்க" என்றான். வருகிறேன் என்றேன். போனேன்.

எழுதுகிறவர் ஒரு வயசான ஏட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதினார். பதினொன்றாம் தேதி மணிக்கட்டில் துணி பார்த்ததைச் சொன்னேன். படி, கதவு, அவள் சொன்ன சாமான் எல்லாவற்றையும் மாசத்தோடு சொன்னேன். இருபத்துமூன்றாம் தேதி போனில் கேட்ட குரலைச் சொன்னேன், நான் வைத்ததையும் சொன்னேன். கையெழுத்துப் போடுங்கம்மா என்று காகிதத்தை நீட்டினார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். உங்களுக்குப் படிக்க வருமா என்று கேட்டார். மெதுவாக வரும், நீங்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்றேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். கணவன் மனைவிக்கிடையே குடும்பத் தகராறு ஏற்பட்டு என்று எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எல்லாம் ஒன்றுதான், கோர்ட்டில் இப்படித்தான் எழுதுவோம் என்றார். ஒன்றில்லை, அடித்தான் என்றால் அடித்தான் என்று எழுதுங்கள் என்றேன். பெஞ்சில் லோகு உட்கார்ந்திருந்தான். முகம் கழுவாமல், கசங்கின நீலச் சட்டையில். "அம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் அப்பா என்னை அடித்தபோதும் அப்படி ஒரே வார்த்தைதான் கூப்பிடுவான். அப்போது அவனைத் தூக்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. இன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன்.

ஏட்டு பெருமூச்சு விட்டுப் புதுக் காகிதம் எடுத்தார். சாட்சி யார் என்ற இடத்தில், மாமியார் என்று எழுதலாமா என்று கேட்டார். அதுவும் எழுதுங்கள், அடித்தவனின் தாய் என்றும் எழுதுங்கள் என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். துளசிமணி, முழுசாக.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் யாரோ ஒரு போலீஸ்காரம்மாவின் செருப்பு. எப்படி மாட்டினேன், எப்படி நடந்து வந்தேன் என்று ஞாபகமே இல்லை. ஜெசிந்தாவிடம் சொன்னால் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பாள்.

காலையில் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்ச் செருப்பைக் கொடுத்துவிட வேண்டும். போகும்போது அவனுக்கு ஒரு சட்டையும் எடுத்துப் போக வேண்டும்.